நாற்பத்தெட்டு டிகிரி

அலமேலு ஊதியதும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆலை வாசல் காவலர் அதன் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை ஊதும்போது அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அப்போதும் சிவப்புதான்.

"காலைல எட்டு மணிக்கேவா அலமேலு?" என்றார் காவலர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பழைய சோறும் வெங்காயமும்தானுங்க தின்னுட்டு வந்தேன். எம் பொண்ணு மேல சத்தியமுங்க."

"போன வாரமும் இதைத்தான் சொன்ன."

தலைவாசல் என்ற ஊருக்கு அருகில் இருந்த அந்த ஆலை எத்தனால் தயாரிக்கும் ஆலை. பெட்ரோலில் கலக்கும் எரிபொருள் என்றாலும் அடிப்படையில் அது சாராயம்தான். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும், மேலாளர் உட்பட, உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாசலில் ஊத வேண்டும். மாதத்தில் மூன்று நாள் சிவப்பு எரிந்தால் வேலை போய்விடும். அலமேலுவுக்கு இது மூன்றாவது நாள்.

வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் வினோதினி, ஆலையின் ஆய்வுக்கூடத் தலைவி. அலமேலு திரும்பி அவள் கையைப் பிடித்தாள்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு வருசமா என்னைப் பாக்கறீங்கல்ல?"

வினோதினிக்கு அவள் வாயிலிருந்து வந்த வாடை தெளிவாகத் தெரிந்தது. கண்கள் சிவந்திருந்தன. பேச்சு லேசாகக் குழறியது. 'பாவம், என்ன கஷ்டமோ' என்றுதான் நினைத்தாள்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே அலமேலு" என்றாள்.

அலமேலு கையை விட்டாள். நான்கு எட்டு நடந்தவள் கால் பின்னி, ஆலை வாசலிலேயே குப்புற விழுந்தாள். யாரோ விசிலடித்தார்கள். வினோதினி ஊதினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆண்டு பங்குனியிலேயே வெயில் நாற்பத்து நான்கைத் தொட்டிருந்தது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட ஆலைகள் கோடையில் மூடிக் கிடக்கும். சாராயம் காய்ச்ச உதவும் சாதாரண ஈஸ்ட் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும். தொட்டிகளைக் குளிர்விக்க ஏரி ஏரியாகத் தண்ணீர் வேண்டும், இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். இந்த ஆலைக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. காரணம் வினோதினி.

கோயம்புத்தூரில் மாணவியாக இருந்தபோது தொடங்கி ஏழு ஆண்டுகள், ஒரே ஒரு ஈஸ்டை அவள் வெயிலுக்குப் பழக்கினாள். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினாள். செத்தவை போக மிஞ்சியவற்றை எடுத்து அடுத்த டிகிரிக்குக் கொண்டு போனாள். மரவள்ளிக் கிழங்கு மாவையும் அதுவே உடைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்ளும்படி மரபணுவில் ஒரு துண்டைச் சேர்த்தாள். கடைசியில் கிடைத்ததற்கு எம்-48 என்று பெயர். நாற்பத்தெட்டு டிகிரியில் அது சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஜவ்வரிசி ஆலைகளில் மலைபோல் குவிந்து நாறிய கிழங்குக் கழிவான திப்பி, அறுவடைக்குப்பின் வயலில் கொளுத்தப்பட்டுவந்த மக்காச்சோளத் தட்டை எல்லாம் அவள் தொட்டிகளுக்கு வந்தன. இரண்டு வருடங்களாக ஆத்தூர் பக்கம் யாரும் வயலைக் கொளுத்தவில்லை. அறுநூறு பேருக்கு வேலை கிடைத்திருந்தது.

பத்து நாள் கழித்து ஆத்தூர் அரசு மருத்துவமனையிலிருந்து டாக்டர் ரெஜினா போன் செய்தார்.

"மேடம், உங்க ஆலையில யாராவது சரக்கை வெளிய கடத்தறாங்களா?"

"வாய்ப்பே இல்ல டாக்டர். ஏன்?"

"அப்ப நேர்ல வாங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க."

வார்டில் நான்கு பேர் இருந்தார்கள். மூவர் ஆலைத் தொழிலாளர்கள், ஒருவர் தையல்காரர். சுவர் ஓரக் கட்டிலில் அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் ரெஜினா ஒரு தாளைக் காட்டினார். "இவங்களை நாலு நாளா இங்கேயே வச்சிருக்கேன். வெளிய விடல, யாரையும் உள்ள விடல. காலைல வெறும் வயித்துல ரத்தத்துல ஆல்கஹால் ரொம்பக் குறைவு. பன்னெண்டரைக்குச் சோறு குடுக்கறோம். ரெண்டு மணிக்கு எடுத்துப் பாத்தா ஒரு குவார்ட்டர் அடிச்ச ஆள் மாதிரி இருக்கு. சோறு குடுக்காம முட்டை மட்டும் குடுத்த அன்னிக்கு எதுவும் ஏறல."

வினோதினி தாளை வாங்கி எண்களைப் பார்த்தாள்.

"வயித்துக்குள்ளயே காய்ச்சறாங்க மேடம்" என்றார் டாக்டர். "இப்படி ஒரு நோய் அபூர்வமா உண்டு. படிச்சிருக்கேன், பாத்ததில்ல. ஒரே வாரத்துல நாலு பேர்னா அது அபூர்வம் இல்ல. சாதாரண ஈஸ்ட் நம்ம உடம்புச் சூட்டுல ஏன் பெருகறதில்ல?"

"முப்பத்தேழு டிகிரி அதுக்கு அதிகம். அதோட, அதால சோத்து மாவை உடைக்க முடியாது."

"உங்களோடது?"

நாற்பத்தெட்டில் வாழப் பழகிய உயிருக்கு மனித வயிறு மலைவாசஸ்தலம். அங்கே ஒரு நாளைக்கு மூன்று வேளை மாவு வேறு வந்து விழுகிறது.

நான்கு பேரிடமிருந்தும் மாதிரிகளை எடுத்துக்கொண்டாள். அலமேலுவின் கட்டிலருகே வந்தபோது அவள் மெல்லத் திரும்பினாள்.

"இப்பவாச்சும் நம்பறீங்களா மேடம்?"

"நம்பறேன்."

"அன்னிக்கு வாசல்ல விழுந்தப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. தூக்கி விடக்கூட வரல." குரலில் கோபம் இல்லை, அயர்ச்சிதான் இருந்தது. "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். அவங்கப்பா குடிச்சே செத்தவரு. அதனால ஒரு சொட்டு தொட மாட்டாரு. பொம்பளை குடிச்சிட்டு வந்தா வீட்ல வைப்பாரா? துணியெல்லாம் எடுத்து வெளிய வீசிட்டாரு. பொண்ணுக்கு வந்த சம்பந்தம், அம்மாக்காரி குடிகாரின்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கண்ணன்தான் இங்க கொண்டாந்து சேத்தாரு."

வினோதினி மாதிரிப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைத் தட்டுகளில் பூசி வெப்பப் பெட்டிக்குள் வைத்தாள். உடலுக்குள்ளிருந்து வந்தவை களைத்துப் போயிருக்கும் என்று நினைத்து, நாற்பத்தெட்டு வைக்காமல் மூன்று டிகிரி குறைத்து நாற்பத்தைந்தில் வைத்தாள். அந்தச் சூட்டிலும் சாதாரண ஈஸ்ட் எதுவும் முளைக்காது. முளைத்தால் அது அவளுடையதுதான்.

முப்பது மணி நேரம் ஆகும். அதற்குள் பதினோரு தடவை பெட்டியின் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். முளைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஏழு ஆண்டுகளாக இதுபோன்ற கண்ணாடியின் முன் நின்று, முளைக்க வேண்டுமே என்று வேண்டியவள்.

மறுநாள் மாலை நான்கு தட்டுகளிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

பொதுமேலாளர் வைத்திலிங்கம் தட்டுகளை வெகுநேரம் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்து ஆள். திப்பி நாற்றத்திலேயே வளர்ந்தவர். சோளத்தட்டை கொளுத்துவதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்.

"எப்படி வெளிய போச்சு?" என்றார்.

"சக்கையாத்தான் இருக்கணும் சார். தொட்டியிலிருந்து பிழிஞ்ச சக்கையை மாட்டுத் தீவனமா விக்கறோம், அதைத் தொட்ட கையோடதான் பால் கறக்கறாங்க. ஈஸ்ட் சாகறதுக்காக முதல்ல நீராவியால எண்பது டிகிரிக்குச் சூடாக்கி அரை மணி நேரம் வச்சோம். போன வருஷம் அறுபத்தஞ்சா குறைச்சோம்."

"குறைக்கலாம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"நான் உங்களை மாட்டிவிடறதுக்காகக் கேக்கலம்மா. சக்கையில உயிரோட இருக்குன்னு பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல. கட்டிகட்டியா இருக்கற சக்கைக்குள்ள சூடு சரியாப் போயிருக்காது. வேற வழியே இல்ல சார், அது வெளிய போறதுக்கு."

வைத்திலிங்கம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர்கள் வாசல்வரை நின்றன.

"ஒரு பதினஞ்சு நாள் கொடுங்க. முதல்ல சக்கை விக்கறதை நிறுத்தறேன், இன்னிக்கே. சரியா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அரசாங்கத்துக்குச் சொல்லலாம். அரைகுறையாச் சொன்னா மூடிருவாங்க. மூடினா திரும்பத் திறக்காது. இந்த மாசம் தட்டையை வச்சுக்கிட்டு இவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வினோதினியைப் பயமுறுத்தியது. சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. யாரைப் பார்த்தாலும் மூச்சை மோந்து பார்க்கத் தோன்றியது. டீக்கடையில் பன் சாப்பிட்டுவிட்டு லாரி ஏறிய ஓட்டுநர், பைக்கின் பின்னால் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே போன பெண், எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மதியம் மருத்துவமனைக்குப் போனாள். ஈஸ்டைக் கொல்லும் மருந்து நான்கு பேருக்கும் வேலை செய்யவில்லை என்றார் டாக்டர் ரெஜினா.

"சூட்டைத் தாங்கறதுக்காக அதோட தோலைத் தடிமனாக்கி விட்டேன் டாக்டர்" என்றாள் வினோதினி. "மருந்தும் அந்தத் தோலைத் தாண்டித்தான் உள்ள போகணும்."

"வேற மருந்து சென்னையிலிருந்து வரணும். சிறுநீரகத்தைப் பாத்து மெதுவாத்தான் ஏத்த முடியும். அதுவரைக்கும் அரிசி, கோதுமை, கிழங்கு எதுவும் கூடாது."

அலமேலுவின் தட்டில் அவித்த முட்டையும் வேர்க்கடலையும் இருந்தன. அவள் அதைத் தொடாமல் எதிர் வார்டு நோயாளி சோறு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு திங்காம எத்தனை நாளைக்குங்க உசுரோட இருக்கறது?"

"கொஞ்ச நாள்தான். அலமேலு, உன்கூட வீட்ல ஒண்ணாச் சாப்பிட்டவங்க யார் யாரு?"

"பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. வீட்டுக்காரரு மட்டும்தான்."

"அவருக்குத் தலை சுத்தறது, கண்ணு மங்கறது எதாவது?"

"நான் எங்கங்க பாத்தேன், வெளிய துரத்தினதுக்கு அப்புறம்? அதுக்கு முன்னால ரெண்டு தடவை வெயில்ல கண்ணு கூசுதுன்னாரு."

"என்ன வேலை பாக்கறார்?"

"பஸ் ஓட்டறாருங்க. ஆத்தூருக்கும் சின்னசேலத்துக்கும். தனியார் பஸ்ஸு, நீலக் கலரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலமேலுவின் முகம் மாறியது. அவளுக்கும் புரிந்துவிட்டது. "பன்னெண்டரைக்கு வீட்ல சோறு தின்னுட்டு ஒண்ணேகாலுக்கு வண்டி எடுப்பாரு. மேடம், மணி என்ன?"

ஒன்று இருபத்தைந்து.

அலமேலு கணவன் அங்கமுத்துவின் எண்ணைச் சொன்னாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார் என்றாள் அவள். டாக்டர் ரெஜினா மருத்துவமனையின் ஊதும் கருவியை எடுத்து வினோதினியின் கையில் திணித்தார். "போங்க. நான் போலீஸுக்குச் சொல்றேன்" என்றவர், உடனே, "வேண்டாம், போலீஸ்னா அவரைக் குடிகாரன்னுதான் பிடிப்பாங்க. முதல்ல நீங்க போங்க" என்றார்.

நெடுஞ்சாலையில் காரை அவள் எப்போதும் அறுபதுக்கு மேல் ஓட்டியதில்லை. அன்று நூறைத் தாண்டினாள். தார் உருகிய சாலையில் கானல் நெளிந்தது. முன்னால் தெரிந்த ஒவ்வொரு பேருந்தும் அதில் மிதந்து ஆடுவதுபோல் இருந்தது. ஆடுவது பேருந்தா கானலா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. தலைவாசலுக்கு முன்னால் நீலப் பேருந்து ஒன்று நடுக்கோட்டைத் தொட்டுத் தொட்டு விலகிப் போனது. எதிரே வந்த லாரி நீளமாக ஒலி எழுப்பி ஒதுங்கியது. அது கானல் இல்லை.

தலைவாசல் நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் காரை அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"அங்கமுத்து அண்ணா, கொஞ்சம் இறங்குங்க."

"யாரும்மா நீ? வண்டியை எடு. டைம் ஆவுது." கண்கள் சிவந்திருந்தன. பேச்சு நிதானமாகத்தான் இருந்தது, சற்று அதிக நிதானமாக.

"ஆலையிலிருந்து வர்றேன். அலமேலு குடிக்கல அண்ணா. அது ஒரு நோய். உங்களுக்கும் இருக்கலாம். ஒரே ஒரு தடவை இதுல ஊதுங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் தாடை இறுகியது. "எனக்கு ஊதச் சொல்றியா? எனக்கா? இருபத்திரண்டு வருசம் ஓட்டறேன். ஒரு கீறல் கிடையாது. எங்கப்பன் சாவுல கூட நான் தொட்டதில்ல."

"தெரியும் அண்ணா. அதனாலதான் கேக்கறேன்."

பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். நடத்துநர் இறங்கி வந்தார். "அண்ணே, ஊதிக் காட்டிட்டு வாங்கண்ணே. பொம்பளைகிட்ட எதுக்கு வாக்குவாதம்?" அங்கமுத்து கருவியைப் பிடுங்கி, வீம்புக்கு நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினார்.

சிவப்பு. சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல மூன்று மடங்கு.

அவர் கருவியைத் தட்டினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி ஊதினார். அப்புறம் அப்படியே பேருந்தின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ பொய் சொல்றான்னு நெனச்சேன்" என்றார் மெல்ல. "கால்ல விழுந்து கதறுனா. காலாலயே தள்ளிவிட்டேன்."

"குடிச்சிட்டா ஓட்டினே? அம்பது உசுரு இருக்குடா உள்ளே!" என்று ஒரு குரல் கேட்டது. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்து அங்கமுத்துவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இன்னொருவர் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்.

"அவர் குடிக்கல!" என்று வினோதினி கத்தினாள். "இது நோய். அவர் குடிக்கவே இல்ல!"

யார் காதிலும் ஏறவில்லை. அடி விழ விழ அங்கமுத்து கையைக்கூட உயர்த்தவில்லை. வினோதினி நடுவில் புகுந்து அவர் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். அவள் முதுகிலும் ஓர் அடி விழுந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு, வைத்திலிங்கத்திடம் கேட்காமலேயே, சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள். நீராவியைக் குறைத்தது, சக்கையை விற்றது, தான் கையெழுத்திட்டது எல்லாவற்றையும் எழுதினாள். இரண்டு நாளில் ஆலைக்கு முத்திரை வைத்தார்கள். தொட்டிகளில் சோடாக் காரத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தார்கள். அறுநூறு பேரும் வெளியே நின்றார்கள். வைத்திலிங்கத்தை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியது. போகும்போது அவர் வினோதினியைத் திட்டவில்லை. "சக்கையைச் சோதிச்சுப் பாத்துட்டு எழுதியிருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஊரில் மக்காச்சோளத் தட்டை தேங்கியது. பதினைந்தாம் நாள் வயலில் முதல் புகை எழுந்தது. அதன்பின் எல்லாப் பக்கமும் கொளுத்தினார்கள்.

நோய் மட்டும் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அறுபத்தொரு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் வகுப்பில் தடுமாறி விழுந்தார். கிணற்று மேட்டில் நடந்த ஒரு முதியவர் உள்ளே விழுந்து செத்தார். அவர் குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் ஊர் பேசியது.

டாக்டர் ரெஜினா ஒரு முற்பகலில் வினோதினியை மருத்துவமனைக்கு அழைத்தார். மேசையில் இரண்டு அறிக்கைகள் இருந்தன.

"முதல்ல இது. சென்னைக் குழு உங்க சக்கையை நூத்திப் பத்து மூட்டையிலிருந்து எடுத்துப் பாத்திருக்காங்க. எதுலயும் உயிரோட ஒண்ணும் இல்ல. உங்க அறுபத்தஞ்சு டிகிரி போதுமானதாத்தான் இருந்திருக்கு."

"அப்ப எப்படி டாக்டர்?"

"ரெண்டாவது, மரபணுச் சோதனை. நோயாளிங்க வயித்துல இருக்கறது எம்-48 இல்ல. அதுக்கு முந்தினது. அதுவும் மாவை உடைக்கும், ஆனா நாற்பத்தஞ்சு டிகிரிதான் தாங்கும். நீங்க கொடுத்த பட்டியல்ல அதுக்கு எம்-45னு பேர் போட்டிருக்கு."

"எம்-45 இந்த ஆலைக்கு வந்ததே இல்ல. அது கோயம்புத்தூர்லயே..." வினோதினி நிறுத்தினாள். தட்டுகளை நாற்பத்தெட்டில் வைத்திருந்தால் எதுவுமே முளைத்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று டிகிரி இரக்கப்பட்டதில் தவறான விடை கிடைத்திருக்கிறது.

டாக்டர் ஒரு பெரிய தாளை விரித்தார். வீடுகளின் பெயர்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் இருந்தன.

"அறுபத்தொரு பேர்ல பாதிப் பேர் வீட்ல மாடே கிடையாது. ஆலைக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்குன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். தண்ணி இல்ல, மாவு இல்ல. கடைசில பாத்தா, உறைமோர்."

"என்ன?"

"பாலுக்கு உறை ஊத்தறதுக்கு அடுத்த வீட்ல ஒரு கரண்டி மோர் வாங்குவாங்கல்ல, அது. ஒரு வீட்டுத் தயிர்ல இருந்தா தெருவுக்கே போயிடும். இந்தக் கோடெல்லாம் ஆலையில வேலை பாத்த மூணு பொம்பளைங்க வீட்ல போய் முடியுது. அலமேலு அதுல ஒருத்தர். அவங்க மூணு பேரும் போன கோடையில ஒரே ஆள்கிட்ட உறை வாங்கியிருக்காங்க." டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்ககிட்ட."

வினோதினிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. போன கோடையில் ஆலைக் குழாயில் தண்ணீர் கொதித்தபோது, தொழிலாளர்களுக்காகத் தன் வீட்டிலிருந்து ஒரு பானை மோர் கொண்டு போய் மரத்தடியில் வைத்தாள். 'மேடம் வீட்டு மோரு நாக்குல சுறுசுறுன்னு இருக்கு, எவ்ளோ வெயில்லயும் தயிர் நல்லா தோயுது' என்று சொல்லிப் பெண்கள் கிண்ணத்தில் உறை வாங்கிப் போனார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்னால், கோயம்புத்தூர்க் கல்லூரியில் மூன்று நாள் மின்சாரம் போனபோது, ஏழு ஆண்டு உழைப்பு வீணாகிவிடுமே என்று குழாய்களை வீட்டுக்கு எடுத்து வந்து குளிர்பெட்டியில் வைத்தாள். எம்-45 குழாய் ஒன்றில் மூடி சரியாக இறுகவில்லை. குளிர்பெட்டித் தட்டு ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டாள். அதே தட்டில் தயிர்க் கிண்ணம் இருந்தது.

"ஆனா நான் தினமும் வாசல்ல ஊதறேன். ஒரு நாள்கூடச் சிவப்பு எரிஞ்சதில்ல."

"நீங்க சோறு சாப்பிடுவீங்களா?"

"இல்ல. நாலஞ்சு வருஷமா சர்க்கரை வியாதி. காய்கறி, முட்டை, மோர், அவ்வளவுதான்."

டாக்டர் ஒரு மாதிரிப் புட்டியை அவள் முன்னால் நகர்த்தினார்.

முடிவு வர முப்பது மணி நேரம் ஆனது. இந்த முறை அவள் கண்ணாடியில் எட்டிப் பார்க்கவில்லை. தட்டில் அதே வெள்ளைப் புள்ளிகள் இருந்தன.

இரண்டாவது கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டு அலமேலுவைப் பார்க்கப் போனாள். வைத்திலிங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

புது மருந்து ஏறியபின் அலமேலு உள்ளூரிலேயே அண்ணன் வீட்டில் இருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. அங்கமுத்து இரண்டு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாராம். அவரோடு போவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு மாதம் சோறே தின்னாமல் இருந்துவிட்டதில் யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கவும் பழகிவிட்டது என்று சிரித்தாள்.

வினோதினி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குளிர்பெட்டி, தயிர்க் கிண்ணம், மரத்தடிப் பானை. எதையும் குறைக்கவில்லை.

அலமேலு கத்த வேண்டும், அடிக்க வேண்டும் என்றுகூட வினோதினி எதிர்பார்த்தாள். அலமேலு விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மேலத்தெருவுல ராசாமணி. டெய்லர் வீடு. வாத்தியாரம்மா. அப்புறம் கோமதி, அது நாலு மாச கர்ப்பம்." அவள் மடக்கிய விரல்களைப் பார்த்தாள். "நான் கொடுத்தேனுங்க. எல்லாத்துக்கும் என் கையாலதான் ஊத்திக் கொடுத்தேன். அவங்க வேற யாருக்குக் கொடுத்தாங்களோ."

"அது உன் தப்பில்ல அலமேலு."

"தப்பு யாரோடதுங்கறது அப்புறம் பாத்துக்கலாம். பஞ்சாயத்து நோட்டீஸ் ஒட்டினா யாரும் படிக்க மாட்டாங்க. படிச்சாலும் மோருல விஷம்னா நம்புவாங்களா?" அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க. நாமதான் சொல்லணும். கோமதி வீட்லயிருந்து ஆரம்பிக்கலாம்."

இருவரும் நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வயல்பக்கம் தட்டை எரிந்து சாம்பல் காற்றில் பறந்தது. தெருவில் சிலர் அலமேலுவைப் பார்த்துத் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

கோமதி கதவைத் திறந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். வயிறு லேசாகத் தெரிந்தது. அலமேலுவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாக்கா! எத்தனை நாளாச்சு. உடம்பு எப்படி இருக்கு? யாருக்கா இது, ஆலை மேடமா? வாங்க வாங்க, உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

"கோமதி, ஒரு விசயம் சொல்லணும்" என்று அலமேலு தொடங்கினாள்.

"அட, இருக்கா. இந்த வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. முதல்ல தொண்டையை நனைங்க."

இருவரும் உட்கார்ந்ததும் அவள் உள்ளே போனாள். பானையில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர்களை நிறைத்துக்கொண்டு, சிந்தாமல் மெல்ல நடந்து வந்து, சிரித்த முகத்தோடு நீட்டினாள். கறிவேப்பிலையும் உப்பும் போட்ட மோர். மேலே சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன.

வினோதினி இரு கைகளாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.